டைக்கி ஷட்டில்

டைக்கி ஷட்டில் (23 மார்ச் 1994 – 17 ஆகஸ்ட் 2022) ஜப்பானின் தலைசிறந்த மைல் தூரப் பந்தயக்குதிரைகளில் ஒன்று. 1997, 1998 ஆகிய இரு ஆண்டுகளில் 13 பந்தயங்களில் ஓடி 11 வெற்றிகளைப் பெற்றது. ஒரு முறை இரண்டாவதாகவும் ஒரு முறை மூன்றாவதாகவும் வந்தது. ஆகத் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட முதல் மூன்று இடங்களை விட்டு இறங்கவில்லை. வெற்றிகளில் 5 முதல் தரப் பந்தயங்களில் பெற்றவை. அவற்றுள் பிரான்சின் ஜாக் லெ மருவா பந்தயமும் அடங்கும். நீண்ட தூர ஓட்டத்துக்கே பெருமை தந்துவந்த ஜப்பானியப் பந்தய உலகில், 1600 மீட்டருக்கு மேல் ஓடாமலே ஆண்டின் சிறந்த குதிரை என்ற விருதைப் பெற்றது இதன் தனிச்சிறப்பு.

பிறப்பும் தடையும்

செந்நிறக் குதிரையான டைக்கி ஷட்டில் அமெரிக்காவில் பிறந்தது. தந்தை டெவில்ஸ் பேக். தாய் வெல்ஷ் மஃபின். உரிமையாளர் டைக்கி பண்ணை. மிஹோ பயிற்சி மையத்தில் லாயம் நடத்திய கசுவோ ஃபுஜிசாவா பயிற்சியாளராக இருந்தார். இளமையில் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் குதிரைப் பராமரிப்பு வேலை பார்த்து, அங்குக் கற்ற முறைகளை ஜப்பானுக்குக் கொண்டுவந்தவர் அவர். குதிரையை அவசரப்படுத்தாமல், அதன் உடலும் மனமும் பக்குவப்படும்வரை காத்திருப்பது அவருடைய வழக்கம்.

வெளிநாட்டில் பிறந்த குதிரைகளுக்கு அன்றைய ஜப்பானில் பல கதவுகள் மூடியிருந்தன. உள்நாட்டுக் குதிரை வளர்ப்பைக் காப்பதற்காக, டெர்பி உள்ளிட்ட கிளாசிக் பந்தயங்களிலும் தென்னோ ஷோ என்னும் பேரரசர் கோப்பையிலும் அவை ஓட அனுமதி இல்லை. தென்னோ ஷோ 2000இலும், டெர்பி 2001இலும்தான் அவற்றுக்குத் திறந்துவிடப்பட்டன. திறமையான வெளிநாட்டுக் குதிரைகள் பலவும் குறுந்தூரப் பந்தயங்களின் பக்கம் திரும்பியதற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம்.

1997: எழுச்சி

டைக்கி ஷட்டில் தாமதமாகவே களமிறங்கியது. 1997 ஏப்ரலில், மூன்று வயதில், டோக்கியோ மைதானத்தின் 1600 மீட்டர் மண்தரைப் பந்தயத்தில் முதன்முதலாக ஓடி வென்றது. முதல் மூன்று ஓட்டங்களிலும் வென்றபின், ஜூலையில் ஒரு பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. அதன்பிறகு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் அதைத் தோற்கடிக்க எந்தக் குதிரையாலும் முடியவில்லை.

இலையுதிர்காலத்தில் மண்தரையில் நடந்த யூனிகார்ன் ஸ்டேக்ஸிலும், புல்தரையில் நடந்த ஸ்வான் ஸ்டேக்ஸிலும் வென்றது. நவம்பரில் கியோட்டோவின் மைல் சாம்பியன்ஷிப்பில் ஜாக்கி நொரிஹிரோ யொகொயாமா இதன் மேல் இருந்தார்; அதுவே இதன் முதல் முதல்தர வெற்றி. டிசம்பரில் நகயாமாவில் நடந்த 1200 மீட்டர் ஸ்பிரிண்டர்ஸ் ஸ்டேக்ஸையும் யுகியோ ஒகாபே ஓட்டி வென்றார். மண்ணும் புல்லும் இதற்கு ஒன்றே, 1200 மீட்டரும் 1600 மீட்டரும் ஒன்றே என்பதை அந்த ஆண்டு காட்டியது.

1998: ஜப்பானும் பிரான்சும்

நான்கு வயதில் கெய்யோ கோப்பை ஸ்பிரிங் கப்பை வென்று ஆண்டைத் தொடங்கியது. ஜூன் 14 அன்று டோக்கியோவில் யசுதா கினென் பந்தயம். கொட்டிய மழையில் புல்தரை சேறாகியிருந்தது. வேகத்தை நம்பும் குதிரைகளுக்கு அத்தகைய தரை எமன். டைக்கி ஷட்டிலோ நடுவில் பொறுமையாக ஓடி, கடைசி நேர்ப்பாதையில் முன்னேறி, ஹாங்காங்கிலிருந்து வந்த ஓரியண்டல் எக்ஸ்பிரஸை இரண்டரைக் குதிரை நீளத்தில் பின்தள்ளியது.

அடுத்த இலக்கு பிரான்ஸ். ஜப்பானியக் குதிரைகளின் வெளிநாட்டுப் பயணங்கள் அதுவரை பெரும்பாலும் ஏமாற்றத்திலேயே முடிந்திருந்தன. அந்த ஏமாற்றத்தை ஒகாபே நேரில் அறிந்தவர். தோல்வியே காணாமல் மூன்று கிளாசிக் பந்தயங்களையும் வென்ற சிம்போலி ருடால்ஃபை 1986இல் அமெரிக்காவில் ஓட்டியவர் அவர். அந்தப் பந்தயத்தில் குதிரை காயமடைந்து தோற்றது. அதுவே அதன் கடைசி ஓட்டமானது.

1998 ஆகஸ்ட் 9 அன்று, யுடாகா டகே ஓட்டிய சீக்கிங் த பெர்ல் என்ற பெண் குதிரை பிரான்சின் தோவில் மைதானத்தில் மொரிஸ் த கெஸ்ட் பந்தயத்தை வென்றது. ஜப்பானில் பயிற்சி பெற்ற குதிரை ஐரோப்பாவில் பெற்ற முதல் முதல்தர வெற்றி அது. ஒரு வாரம் கழித்து, அதே மைதானத்தில் ஜாக் லெ மருவா. வளைவே இல்லாத 1600 மீட்டர் நேர்ப்பாதை. ஜப்பானியக் குதிரைகளுக்குப் பழக்கமில்லாத அமைப்பு. இங்கிலாந்தின் சசெக்ஸ் ஸ்டேக்ஸை வென்று வந்திருந்த அமாங் மென் இறுதிவரை விடாமல் போட்டியிட்டது. டைக்கி ஷட்டில் அரை நீளத்தில் வென்றது. அதை ஓட்டிய 49 வயது ஒகாபே கண்ணீர் விட்டார். பன்னிரண்டு ஆண்டு ஏக்கம் தீர்ந்த கண்ணீர் அது என்று சொல்வது மிகையாகாது.

நவம்பரில் மைல் சாம்பியன்ஷிப்பை ஐந்து நீள வித்தியாசத்தில் இரண்டாம் முறையாக வென்றபோது, தொடர் வெற்றிகள் எட்டாயின. எட்டுமே தரவரிசைப் பந்தயங்கள். டிசம்பரின் ஸ்பிரிண்டர்ஸ் ஸ்டேக்ஸில் உடல் எடை கூடியிருந்த நிலையில், மைனர் லவ், சீக்கிங் த பெர்ல் ஆகியவற்றுக்குச் சற்றே பின்தங்கி மூன்றாவதாக வந்தது. அதே நாளில் பிரியாவிடை விழாவும் நடந்தது.

விருதுகளும் சந்ததியும்

1998ஆம் ஆண்டின் சிறந்த குதிரையாக டைக்கி ஷட்டில் தேர்வானது. வெளிநாட்டில் பிறந்த குதிரை ஒன்று அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. 1999இல் ஜப்பானியப் பந்தயத்தின் புகழரங்கிலும் இடம்பெற்றது.

பொலிகுதிரையான இதன் பிள்ளைகளில் வின் குரூகர் 2003இல் என்.எச்.கே. மைல் கோப்பையையும், மெய்ஷோ பௌலர் 2005இல் ஃபெப்ரவரி ஸ்டேக்ஸையும் வென்றன. மகள் வழியில் வந்த பேர்த்தி ஸ்ட்ரெய்ட் கேர்ள் 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் விக்டோரியா மைலை வென்றது. பேரன் ஒன் அண்ட் ஒன்லி 2014இல் ஜப்பான் டெர்பியை வென்றது. தாத்தாவுக்கு விதி மறுத்த 2400 மீட்டர் பட்டம், பேரனுக்குக் கிடைத்தது. ஹொக்கைடோவின் நீகாப்பு ஊரில் ஓய்வுக்காலத்தைக் கழித்துவந்த டைக்கி ஷட்டில் 28 வயதில் இறந்தது.

வரலாற்றில் இடம்

தோவிலின் வெற்றிக்கு அடுத்த ஆண்டே, ஜப்பானில் பயிற்சி பெற்ற எல் கோண்டோர் பாசா என்ற குதிரை பிரான்சில் முதல்தரப் பந்தயம் வென்று, ஆர்க் த ட்ரியோம்ஃப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. ஐரோப்பாவுக்குச் செல்வது சாகசம் என்ற நிலை மாறி, திட்டமிட்டுச் செய்யும் வேலை ஆனது. உள்நாட்டிலும் மைல் தூரத்தின் மதிப்பு உயர்ந்தது. ஃபுஜிசாவா 2022இல் ஓய்வுபெறும் முன் பயிற்றுவித்த கிரான் அலெக்ரியா, 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் மைல் சாம்பியன்ஷிப்பை வென்றபோது, அதை இரண்டாம்தரப் பட்டமாக எவரும் கருதவில்லை. பெரிய பந்தயங்கள் மறுக்கப்பட்ட ஒரு குதிரை, தனக்குக் கிடைத்த பந்தயங்களையே பெரியவையாக்கியது. டைக்கி ஷட்டிலின் மெய்யான சாதனை இதுவே.