கைமாறிய தெர்மாமீட்டர்

1929. கத்தியவார். தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியரின் மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டே நாள். வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், விலாவில் வலி. சேரிக்குள் வரமாட்டேன், குழந்தையையும் பார்க்கமாட்டேன் என்றார் டாக்டர். இரண்டு ரூபாய் ஃபீசுக்கு நகரசேட் ஜாமீன் நின்ற பிறகுதான் வந்தார். அதுவும் சேரிக்கு வெளியே. பச்சை உடம்புக்காரியையும் சிசுவையும் வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். வந்த வழியே அது திரும்பிப் போனது. நிமோனியா என்று சொல்லி மருந்தனுப்பியவர் மறுபடி வரவில்லை. அவள் செத்துப்போனாள்.

கணவரின் கடிதம் 1929 டிசம்பர் 12 'யங் இந்தியா'வில் வந்தது. அம்பேத்கர் அதைத் தம் சுயசரிதைக் குறிப்புகளில் சேர்த்துவைத்தார். கடிதம் தாயின் சாவோடு முடிகிறது. குழந்தையும் செத்துப்போனதாக அம்பேத்கர் எழுதுகிறார்.

டாக்டர் இல்லாமலா செத்தா? காசில்லாமலா செத்தா? ரெண்டும் இருந்துச்சு. தொடத்தான் ஆளில்ல.

இதே நிமோனியா அமெரிக்காவில் கறுப்புக் குழந்தைகளைத் தின்றது. மிசிசிப்பியில் ஆஸ்பத்திரிகள் நிறத்தால் பிரிந்து கிடந்தன. 1946இல் வந்த ஆஸ்பத்திரிக் கட்டுமானச் சட்டம் அப்படிப் பிரித்துக் கட்டவும் அரசுப் பணம் கொடுத்தது. 1964 சிவில் உரிமைச் சட்டம், பாகுபாடு காட்டினால் அரசுப் பணம் இல்லை என்றது. 1966 ஜூலையில் முதியோருக்கான மெடிகேர் தொடங்கியபோது அந்தப் பணத்துக்காகக் கதவுகள் திறந்தன. அடுத்த சில ஆண்டுகளில், ஒரு மாதம் தாண்டிய கறுப்புக் குழந்தைகள் நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும் சாவது வேகமாகக் குறைந்தது. பென்சிலின் அதற்கு முன்பே இருந்ததுதான். புதுசா வந்தது மருந்தில்ல, வழி.

நம் கதைக்கு வருவோம். தீண்டாமையை அரசியல் சட்டம் 1950இலேயே ஒழித்துவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கில், பட்டியல் சாதிகளில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் 41 ஒரு வயதைத் தாண்டுவதில்லை. எந்தப் பட்டியலிலும் வராத மற்றவர்களிடம் அது 28.

ஏழ்மை, படிப்பு, தூரம் என்று காரணம் அடுக்குவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள தூரத்தை மைல் கணக்கில் மட்டும் அளந்துவிட முடியாது. வைத்தியம் எத்தனை கை மாறி நம்மிடம் வருகிறது என்று எண்ண வேண்டும். அரசுப் பணம் வாங்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் நாம் நின்று கேட்க வேண்டியது ஒன்றுதான்: எங்க புள்ளைய யாரு தொட்டுப் பாத்தது?