புதுச்சேரி பெரிய வாய்க்காலும் சமூகப் பிரிவினையும்

புதுச்சேரி நகரில் வடக்கு தெற்காக அமைந்துள்ள பெரிய வாய்க்கால், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நகரை இரண்டாகப் பிரித்த எல்லைக்கோடு ஆகும். இதற்குக் கிழக்கே கடற்கரை வரை ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி 'வெள்ளை நகரம்' என்றும், மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி 'கறுப்பு நகரம்' என்றும் அழைக்கப்பட்டன. ஆயினும் நகரிலிருந்த பிரிவினை இந்த ஒரு கோட்டோடு முடியவில்லை.

தெருக்கள்

1693 இல் நகரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நேரான நெடுக்குத் தெருக்களும் குறுக்குத் தெருக்களும் கொண்ட திட்டத்தை வரைந்தனர். 1699 இல் நகரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர் அதையே பின்பற்றினர். வெள்ளை நகர வீடுகள் உயர்ந்த மதில்களுக்குள் மறைந்திருந்தன. தமிழர் வீடுகள் திண்ணையோடும் தாழ்வாரத்தோடும் தெருவைப் பார்த்து நின்றன. ஆனால் தமிழர் பகுதியும் ஒன்றாக இல்லை. வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு, கோமுட்டித் தெரு என்னும் பெயர்களே மக்கள் சாதிவாரியாகக் குடியமர்ந்ததைக் காட்டுகின்றன. ஒடுக்கப்பட்ட மக்களின் சேரிகள் தனியே இருந்தன.

தேவாலயச் சுவர்

வழிபாட்டிலும் இப்பிரிவினை நிலவியது. ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கத் தேவாலயத்தின் உள்ளே ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. 1745 அக்டோபரில் அவர்கள் பாதிரியாரிடம் முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது. உயர்சாதிக் கிறித்தவர்கள் இதை எதிர்த்துப் பூசலிட்டனர். இச்செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார்.

காலணியும் பூணூலும்

1870களில் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குச் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்டார். அவர் பாரிசு வரை மேல்முறையீடு செய்து வென்றார்.

1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த சுப்பிரமணிய பாரதியார், ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த இரா. கனகலிங்கம் என்னும் இளைஞருக்குப் பூணூல் அணிவித்துக் காயத்திரி மந்திரம் கற்பித்தார். பிறப்பால் மறுக்கப்பட்ட ஒன்று அந்த இளைஞருக்கு வெளிப்படையாகவே வழங்கப்பட்டது. பின்னாளில் கனகலிங்கம் 'என் குருநாதர் பாரதியார்' என்னும் நூலை எழுதினார்.

இன்று

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிருவாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று வாய்க்காலை எவரும் தடையின்றிக் கடக்கலாம். ஆயினும் 'வெள்ளை நகரம்' என்ற பெயர் சுற்றுலா விளம்பரங்களில் இன்றும் வழங்கி வருகிறது. சாதிப் பெயர் தாங்கிய தெருக்களும் உள்ளன.