மைதானம் பார்க்கப் போகிறவர்கள்

லண்டனில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்ச் இல்லாத நாள், ஃபுல்ஹாம் அணியின் கிரேவன் காட்டேஜ் மைதானத்துக்கு வெளியே ஸ்டீவனேஜ் சாலையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பூட்டிய கதவு, சிவப்புச் செங்கல் சுவர், வேறொன்றும் கிடையாது. கூட வந்த நண்பருக்குப் பொறுமை போய்விட்டது. "ஏங்க, ஆட்டத்த எடுத்தாலாவது ஒரு அர்த்தம் இருக்கு. இந்தச் செவுத்துல என்ன இருக்கு?" என்றார். அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பினேன். இந்தக் குறிப்பு அவருக்காக எழுதுவதுதான்.

இங்கிலாந்தில் மைதானம் மைதானமாகப் போய்ப் பார்க்கிறவர்களை 'கிரவுண்ட்ஹாப்பர்' என்கிறார்கள். மேல்மட்ட நான்கு டிவிஷன்களில் 92 அணிகள். அந்த 92 மைதானங்களிலும் ஆட்டம் பார்த்தவர்களுக்கென்று 1978 முதல் ஒரு சங்கமே இருக்கிறது. வெளியே நின்று படம் எடுத்தால் கணக்கில் வராது, உள்ளே மேட்ச் பார்த்திருக்க வேண்டும். அந்த வகையில் என்னை யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். என் ஆசை கட்டடத்தின் மேல்தான்.

அந்தச் செங்கல் சுவருக்குச் சொந்தக்காரர் ஆர்ச்சிபால்ட் லீச். கிளாஸ்கோவைச் சேர்ந்த பொறியாளர், 1865இல் பிறந்தவர். தொழிற்சாலை கட்டுவதுதான் அவர் தொழில். தொடக்க காலத்தில் இலங்கையில் தெல்தோட்டையில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு வரைபடம் போட்டிருக்கிறார். இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ஆட்கள் கூடை கூடையாகக் கொழுந்து பறித்த மலை அது. கிரேவன் காட்டேஜைப் பழைய ஆலைக் கட்டடம் மாதிரி இருக்கிறது என்று நான் நினைத்ததில் தப்பில்லை.

கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானமும் லீச் அமைத்ததே. 1902 ஏப்ரல் 5, ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஆட்டம். ஜனங்கள் நின்று பார்க்கும் படிவரிசை, இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை போட்டது. நடுவில் பலகை உடைந்து ஓட்டை விழுந்தது. சுமார் 40 அடி கீழே போய் விழுந்தார்கள். 25 பேர் செத்தார்கள், ஐந்நூறு பேருக்கு மேல் காயம். லீச் அன்றைக்கு அங்கேயே இருந்தார். மட்டமான மரம் போட்டதாகக் கான்ட்ராக்டர் மேல் வழக்கு நடந்தது, விடுதலையாகிவிட்டார். லீச் தொழிலை விடவில்லை. மண்ணைக் கொட்டி மேடாக்கி அதன்மேல் படி அமைப்பது, கூட்டம் நெரியாமல் இடையிடையே இரும்புத் தடுப்பு வைப்பது என்று போனார். அந்தத் தடுப்புக்குக் காப்புரிமையும் வாங்கினார். ஃபுல்ஹாம், செல்சி (இரண்டும் 1905), ஓல்டு டிராஃபோர்டு என்று இருபதுக்கும் மேற்பட்ட மைதானங்களில் அவர் கை பட்டிருக்கிறது.

பிராட்ஃபோர்டு ஊரின் வேலி பரேடும் அதில் ஒன்று. அங்கே அவர் காலத்து மர கேலரி எண்பதுகள் வரை அப்படியே நின்றது. சைமன் இங்கிலிஸ் என்பவர் இங்கிலாந்து, வேல்ஸ் மைதானங்களைச் சுற்றி வந்து 1983இல் ஒரு புத்தகம் போட்டார். இந்தப் பொழுதுபோக்குக்காரர்களுக்கு அது வேதப்புத்தகம் மாதிரி. பிராட்ஃபோர்டில் அவர் பார்த்தது ஆட்டத்தை மட்டுமல்ல. இருக்கைகளுக்கு நடுவே இருந்த சந்து வழியாகக் கீழே குப்பை சேர்ந்து கிடப்பதைக் கவனித்து, கிளப்பை எச்சரித்தார். அடுத்த வருஷம் கவுன்ட்டி கவுன்சிலும் கடிதம் எழுதியது. ஒன்றும் நடக்கவில்லை.

1985 மே 11 அன்று அந்தக் குப்பையில் தீப்பிடித்தது. சில நிமிடத்தில் கேலரி முழுக்க எரிந்து 56 பேர் மாண்டார்கள். கூரையை மாற்றும் வேலை அடுத்த சில நாளில் தொடங்க இருந்ததாம். பிறகு கீழே கிளறியபோது 1968ஆம் வருஷத்துச் செய்தித்தாள் கிடைத்தது. பதினேழு வருஷக் குப்பை!

1989இல் ஹில்ஸ்பரோ நெரிசல், 97 உயிர். அதை விசாரித்த டெய்லர் அறிக்கை 1990இல் வந்தபின் முதல் இரண்டு டிவிஷன்களில் நின்று பார்ப்பதே ஒழிந்தது. பழைய மைதானங்கள் ஒவ்வொன்றாக இடிந்தன. மிடில்ஸ்பரோவின் ஏர்சம் பார்க் இன்று குடியிருப்பு. ஆர்சனலின் ஹைபரியில் கேலரிகள் ஃபிளாட்டாகி, ஆடுகளம் தோட்டமாகிவிட்டது. இடிந்தது நியாயம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்தப் படி, எந்தக் கம்பி, எந்தச் சந்து என்று பின்னால் தேடுகிறவனுக்கு இந்தப் பைத்தியக்காரர்கள் எடுத்து வைத்த படங்கள் வேண்டியிருக்கிறது. பத்திரிகைக்காரர்களின் காமிரா பந்து போகிற பக்கமே போனது.

கிரேவன் காட்டேஜில் லீச் கட்டிய கேலரி இன்னும் நிற்கிறது, பாதுகாக்கப்பட்ட கட்டடமாக. 1905 காலத்து மர இருக்கைகளோடு. பிறகு ஒருநாள் டிக்கெட் எடுத்து உள்ளே போனேன். உட்கார்ந்ததும் முதலில் குனிந்து இருக்கைக்குக் கீழே பார்த்தேன். சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள். அதையும் ஒரு படம் எடுத்தேன். கை ஆடி மங்கலாக விழுந்துவிட்டது.