திரைக்குள் ஒரு யுத்தம் – 7: கார் மீது ஏறிய அப்பா

யேல் பல்கலைக்கழக மாணவன் ஜோர்டன் மெக்னர், தான் எழுதிய 'டெத்பவுன்ஸ்' ஆட்டத்தை ஃப்ளாப்பியில் ஏற்றி, கலிபோர்னியாவின் ப்ரோடர்பண்ட் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். சென்ற வாரம் அங்கேதான் நிறுத்தினோம்.

பதில் வந்தது. ஆட்டம் வேண்டாமாம்.

ஆனால் நிறுவனத்தின் தலைவர் டக் கார்ல்ஸ்டன் பையனை அத்தோடு கைகழுவிவிடவில்லை. 1982இல் தாங்கள் வெளியிட்ட 'சாப்லிஃப்டர்' ஆட்டத்தையும் அவனுக்கு அனுப்பிவைத்தார். ஹெலிகாப்டரில் பறந்து போய் பிணைக்கைதிகளை மீட்க வேண்டும். கீழே நிற்கும் குட்டி மனிதர்கள் கையை ஆட்டி உதவி கேட்பார்கள். ஜோர்டனுக்குப் பொறி தட்டியது. தான் செய்ததோ ஆர்கேடில் எல்லோரும் ஏற்கெனவே சுட்டுத் தள்ளிய பழைய ஆட்டங்களின் சாயல். இதிலோ கதை இருக்கிறது!

அவன் சினிமாப் பைத்தியம். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் பரம ரசிகன். கடத்தப்பட்ட இளவரசி மரிகோ, அவளைச் சிறைவைத்த கொடியவன் அகுமா, மீட்கப் புறப்படும் ஒற்றை வீரன் என்று கதையைப் பின்னினான். பெயர் 'கராத்தேகா'.

கதை தயார், வீரன்தான் அசைய மறுத்தான். கையால் வரைந்த உருவம் மரப்பொம்மை மாதிரி விறைத்து நின்றது. கைகொடுத்தது சினிமாவின் பழைய உத்தி. 1937இல் 'ஸ்னோ ஒயிட்' படத்துக்கு டிஸ்னி செய்ததுபோல, உயிருள்ள மனிதரைப் படம் பிடித்து அதன்மேல் வரைவது. சூப்பர் 8 கேமராவின் முன் ஒரு கராத்தே ஆசிரியர் உதைத்தார், குத்தினார். ஆட்டத் தொடக்கத்தில் வீரன் பாறை விளிம்பைப் பற்றி மேலேறும் காட்சி வேண்டுமே? அப்பா ஃபிரான்சிஸ் கராத்தே உடையை மாட்டிக்கொண்டு குடும்பக் காரின் முன்பக்கத்தில் தொற்றி ஏறினார்! மகன் அந்தச் சுருளை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, தாளில் கோடு இழுத்து, ஆப்பிள் 2 கணினிக்குள் கொண்டுபோனான். அப்பா அதோடு நிற்கவில்லை. ஆட்டத்துக்கு இசையும் அவரே அமைத்தார்.

எல்லாவற்றையும் 48 கிலோபைட் நினைவகத்துக்குள் அடக்க வேண்டும். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அது போதாது. முடிந்தவரை முடித்ததை வீட்டாருக்குக் காட்டினான். அரைகுறை ஆட்டத்தையே ப்ரோடர்பண்டுக்கும் அனுப்பினான். தோல்வி, சலிப்பு, சந்தேகம் எல்லாம் நாட்குறிப்பில் ஏறின. முழுதாக முடியட்டும் என்று பெட்டியில் பூட்டி வைத்திருந்தால், 'கராத்தேகா' பிறந்தே இருக்காது. முதல் ஆட்டம் செய்கிற எவரும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

1984இல் ஆட்டம் வெளியானது. இடையில் செத்தால் மறுபடி முதலிலிருந்துதான். அப்படிச் செத்துச் செத்து, கடைசியில் அகுமாவையும் வீழ்த்திவிட்டு இளவரசியின் அறைக்குள் நுழைந்தார்கள் ஆட்டக்காரர்கள். எதிரே மரிகோ. அணைத்துக்கொள்ளப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். சண்டைக்கு உயர்த்திய கைகளைத் தாழ்த்தாமல் அவளை நெருங்கியவர்களுக்கு என்ன நேர்ந்தது?

அடுத்த வாரம் சொல்கிறேன். அதுவரை நீங்களும் கைகளைத் தாழ்த்தியே வைத்திருங்கள்.

(தொடரும்)