புகையிலையும் ஃபிக்ஹு அறிஞர்களும்

புகைபிடித்தலை அரபியில் ‘ஷுர்புத் துகான்’ என்பர். புகையைக் குடித்தல் என்று பொருள். நம்மவரும் பீடி குடித்தல், சுருட்டுக் குடித்தல் என்றே சொல்லி வந்தனர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இவ்விலையைப் பற்றி முற்கால இமாம்களின் நூல்களில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே, ஹிஜ்ரி 11ஆம் நூற்றாண்டின் உலமாக்கள் தாமே ஆய்ந்து முடிவு கூற வேண்டியதாயிற்று.

மிஸ்ரில் மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்த இருவரே எதிரெதிராக நின்றனர். இப்ராஹீம் அல்லக்கானீ (ரஹ்) புகையைத் தவிர்க்குமாறு சகோதரர்களுக்கு அறிவுரையாக ஒரு நூல் இயற்றினார். அலீ அல்உஜ்ஹூரி (ரஹ்) அது ஆகுமானதே என்று மறுநூல் எழுதினார். அறிவை மயக்காதது, அருந்துபவனுக்குத் தீங்கிழைக்காதது என்னும் இரு நிபந்தனைகள் அவரது கூற்றில் அடங்கியிருந்தன.

இஸ்தான்பூலில் வாதம் வாளிடம் போய்ச் சேர்ந்தது. 1633இல் சுல்தான் நான்காம் முராது காப்பிக் கடைகளை மூடி, புகைப்போருக்கு மரண தண்டனை விதித்தார். (மதுவை விடாத சுல்தான் அவர் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.) தண்டனை நிறைவேறும் வேளையிலும் படைவீரர் சிலர் சட்டைக் கைக்குள் சிறு குழாய்களை ஒளித்து வைத்துப் புகைத்ததைக் காத்திப் செலெபி 1656இல் எழுதிய ‘மீஸானுல் ஹக்’ நூலில் பதிந்துள்ளார்.

திமிஷ்கின் அப்துல் கனீ நாபுலுஸீ (ரஹ்) 1682இல் புகை ஆகுமானது என்று நூல் எழுதினார். அந்நூலைக் காட்டி, “பெரியார் ஒருவரே அனுமதித்திருக்க, நாம் ஏன் தடுக்க வேண்டும், ஹஜ்ரத்?” என்று நம் மாணவர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. தடை செய்யும் ஆதாரம் இல்லாத பொருள் ஆகுமானது என்பது உஸூல் விதி. தீங்கு அன்று மருத்துவர்களிடையேயும் உறுதிப்படவில்லை. அப்பெரியார்கள் தம் காலத்து அறிவைக் கொண்டு நேர்மையாகவே தீர்ப்பளித்தனர்.

1950இல் டால், ஹில் என்னும் இரு ஆய்வாளர்கள் இலண்டன் மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்து, நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை அதனை உறுதிப்படுத்தியது. இதய நோயும் மூச்சுக்குழல் நோயும் பட்டியலில் சேர்ந்தன. இன்று ஆண்டுதோறும் 70 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் புகையிலையால் மாள்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பிறர் விடும் புகையைச் சுவாசித்தே இறப்போரும் இதில் உளர். 1996 முதல் 2002 வரை மிஸ்ரின் முஃப்தியாயிருந்த நஸ்ர் ஃபரீத் வாஸில் அவர்கள் புகைபிடித்தல் ஹராம் என்று ஃபத்வா வழங்கினார்.

உஜ்ஹூரியின் இரண்டாம் நிபந்தனையை மீண்டும் வாசிக்குமாறு அம்மாணவரிடம் சொன்னோம். வாசித்து முடித்ததும் நூலை மூடி வைத்துவிட்டார்.