உண்டியலும் துண்டும்

"மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்" என்பது நம்மவர் பழமொழி. மனத்தில் கள்ளமில்லாதவனுக்கு அச்சமில்லை என்ற பொருளில் இப்போது அதைச் சொல்கிறோம். ஆனால் அதை முதலில் சொன்னவன் வேதாந்தியாக இருந்திருக்க மாட்டான். யாரோ ஒரு வழிப்போக்கனாகத்தான் இருந்திருப்பான். கையில் காசில்லாமல் வெளியூர் போனால் பட்டினி. காசோடு போனால் பயம். கடல் கடந்து போன தமிழன் இந்த இரண்டுக்கும் நடுவே எப்படி வழி கண்டான் என்பது, அரசர்களின் போர்களைவிடச் சுவையான சரித்திரம்.

எங்கள் ஆலங்குடிக்காரர்களுக்கு ஒரு காலத்தில் அயல்நாடு வெகு அருகிலேயே இருந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களில் ஆலங்குடியும் ஒன்று. தெற்கே போனால் அறந்தாங்கி; அது பிரிட்டிஷாரின் தஞ்சாவூர் ஜில்லா. சமஸ்தானத்துக்கென்று தனியாக ஒரு செப்புக் காசு இருந்தது. அம்மன் காசு என்பது அதன் பெயர். ஒரு பக்கம் பிரகதாம்பாள் வீற்றிருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்றிருக்கும். இருபது காசு ஓர் அணா; 320 காசு ஒரு ரூபாய். நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு கொடுத்த காசும் இதுதான். ரூபாயும் அணாவும் வெள்ளைக்காரனுடையவை. அணாவுக்கும் கீழே போனால் அம்பாளின் ஆட்சி.

ஆனால் அந்த ஆட்சி எல்லையோடு சரி. சமஸ்தானத்தைத் தாண்டிவிட்டால் சர்க்கார் கஜானாவில் அம்மன் காசு வெறும் செப்புத் தகடு. இதில் வேடிக்கை என்னவென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் காசுகளை இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் அடித்துத் தருவித்தார்கள். ஏழு கடல் தாண்டி வந்த காசுக்கு அறந்தாங்கியில் அந்தஸ்து இல்லை! 1948 மார்ச் மாதம் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதன் பிறகு அம்மன் காசு பழம்பொருள் சேகரிப்பவர்களின் பெட்டிக்குப் போய்விட்டது.

தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்று பெயர். முதல் நாணயம் எல்லையில் நின்றுவிடுகிறது. இரண்டாவது நாணயமோ கடலையும் கடக்கும். இதைக் கண்டுகொண்டு ஒரு தொழிலாகவே நடத்தியவர்கள் எங்கள் அண்டை வீட்டுக்காரர்களான நகரத்தார்கள். திருமயம் தாலுகாவின் ராயவரம், கோனாபட்டு முதலிய ஊர்களிலிருந்தும், அதற்கும் தெற்கே செட்டிநாடு முழுவதிலிருந்தும் அவர்கள் கொண்டுவிக்கப் போனார்கள். ரங்கூனில் மொகல் தெரு, கொழும்பில் செட்டியார் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகள் என்று எங்கும் அவர்களுடைய பெட்டியடிகள் இருந்தன.

கப்பலேறுகிறவன் இங்கே ஒரு கடையில் பணத்தைக் கட்டுவான். 'இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்' என்று அக்கரைக் கடைக்கு ஓர் ஓலையோ கடிதமோ எழுதிக் கொடுப்பார்கள். அதுதான் உண்டியல். கண்டவுடன் பணம் கொடுக்க வேண்டியது தரிசன உண்டியல். நாள் கழித்துக் கொடுக்க வேண்டியது தவணை உண்டியல். வழியில் திருடன் பறித்துக் கொண்டாலும் அவன் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக அஞ்சுவான், 'நீ யார்?' என்ற முதல் கேள்விக்கே அவனிடம் பதில் இராது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தப் பணம் கடலைக் கடப்பதே இல்லை. ரங்கூனிலிருந்து ஊருக்கு அனுப்பப்படும் தொகையும், ஊரிலிருந்து ரங்கூனுக்குப் போகும் தொகையும் பேரேட்டில் பற்று வரவாக ஒன்றையொன்று நேர்செய்து கொள்ளும். 1881-ல் மாற்றுமுறை ஆவணங்களுக்குச் சட்டம் செய்த வெள்ளைக்காரச் சர்க்காரும், கீழ்நாட்டு மொழிகளில் எழுதப்படும் இத்தகைய பத்திரங்களின் வட்டார வழக்கத்தில் தலையிடவில்லை.

மேல்நாட்டுக்காரனுக்கும் இதே சங்கடம் இருந்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் தலைவர் பார்கோ ஐரோப்பாவில் சுற்றியபோது, பெரிய நகரங்களுக்கு வெளியே அவருடைய பாங்குக் கடிதத்தை மதிப்பாரில்லை. ஊர் திரும்பியவர் அதற்கு வழி காணச் சொன்னார். 1891-ல் பிரயாணிச் செக் பிறந்தது. வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்திருந்தால் பணம். உண்டியலுக்கு அறிமுகம் வேண்டும். இதற்கு அறிமுகமே வேண்டாம்.

இதுவரை சொன்னது கையெழுத்துக்கு மதிப்புள்ளவர்களின் கதை. கதை எழுதுகிறவனான என் கண் அதே கடலைக் கடந்த இன்னொருவன்மேல்தான் போகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலியாள் மடியில் எதை வைத்துக்கொண்டு போனான்? எதுவுமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவன் கழுத்தில் ஒரு தகர வில்லையைக் கட்டினார்கள். அதில் தோட்டத்தின் எண் பொறித்திருக்கும். அதைக் காட்டினால் ரயிலிலும் தோணியிலும் சல்லிக் காசில்லாமல் போகலாம். கருணையென்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். அங்கிருந்து கங்காணியின் கணக்கில் ஏறும். கடைசியில் கூலியாளின் தலையில் ஏறும்.

தோட்டத்துக்குப் போன பிறகு அவனுக்கும் ஒரு காகிதம் உண்டு. அதன் பெயர் துண்டு. 'இந்த ஆட்களின் கடன் இவ்வளவு. இதைக் கட்டினால் இவர்களை விட்டுவிடுகிறோம்' என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பது அது. வேறு தோட்டத்துக்காரன் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வான்; கடன் மட்டும் அவர்கள் கூடவே போகும். செட்டியாரின் காகிதம் 'இவனுக்குக் கொடு' என்றது. துரையின் காகிதம் 'இவனால் வரவேண்டியது இவ்வளவு' என்றது. 1921-ல் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பானியர் மலாயாவில் வாழைமரப் படம் போட்ட நோட்டை அச்சிட்டுத் தள்ளினார்கள். 1945-ல் அவர்கள் தோற்றதும், பெட்டி நிறைய நோட்டு வைத்திருந்தவனும் ஏழை, இல்லாதவனும் ஏழை. பர்மாவில் 1964-ல் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகளைச் செல்லாதென்று அரசாங்கம் அறிவித்தது. அங்கே ஆயுளெல்லாம் உழைத்த எத்தனையோ தமிழர்கள் ஏறக்குறைய வெறுங்கையோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்.

சுதந்திர இந்தியாவிலும் பிரயாணியின் மடியைச் சர்க்கார் சோதித்துப் பார்த்தது. 1947-ன் அன்னியச் செலாவணிச் சட்டத்துக்குப் பிறகு, எட்டு டாலரோடு விமானம் ஏறியவர்களின் கதைகள் அனந்தம். 1959-ல் ஹஜ் யாத்திரிகர்களுக்கென்றே ரிசர்வ் பாங்க் தனியாகப் பத்து ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. அவை இந்தியாவுக்குள் செல்லா. அம்மன் காசு எல்லைக்கு வெளியே செல்லாதது. இந்த நோட்டோ எல்லைக்குள் செல்லாதது! 2004-ல் கட்டு தளர்ந்து, ஓராண்டுக்கு 25,000 டாலர் வரை அனுப்பலாம் என்றாயிற்று. 2015-ல் அது இரண்டரை லட்சமாக உயர்ந்தது. 2024 பிப்ரவரி முதல் இலங்கைக் கடைகளில் இந்தியக் கைப்பேசியை நீட்டியே பணம் கொடுக்க முடிகிறது. தகர வில்லையோடு தோணியேறியவனின் பேரன் தாத்தா போன அதே நாட்டில் ஒரு நொடியில் தேநீருக்குக் காசு கொடுத்துவிடலாம்.

சந்தோஷமான செய்திதான். ஆனால் இன்றும் எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போகிறவர்களில் பலர், ஏஜெண்டுக்குக் கொடுக்க நிலத்தை ஒத்தி வைத்தும் நகையை அடகு வைத்தும்தான் விமானம் ஏறுகிறார்கள். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கைப்பேசி உடனே சொல்லிவிடுகிறது. ஊரில் அவன் பேரில் எழுதி வைத்திருக்கும் கடன் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான், அவன் மடியில் இருக்கும் கனம் எதுவென்று தெரியும்.