பண்டிதை இரமாபாயின் சமய அடையாளமும் மொழித் தேர்வும்

1889 மார்ச்சு 11ஆம் நாள் பம்பாயில் ‘சாரதா சதனம்’ என்னும் உறைவிடப் பள்ளி தொடங்கப்பெற்றது. கைம்பெண்களுக்குக் கல்வியளித்தல் அதன் நோக்கம். நிறுவியவர் பண்டிதை இரமாபாய் (1858–1922). திருமுழுக்குப் பெற்று ஐந்தாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும் தம் பள்ளிக்குக் கலைமகளின் பெயரையே அவர் தேர்ந்தமை கருதத்தக்கது. இந்து சமூகத்தார் பலர் அவரை மதமாற்றம் செய்பவர் என ஐயுற்றனர். அவருக்குத் திருமுழுக்கு அளிக்க உதவிய ஆங்கிலக் கன்னியரோ, அவர் இன்னும் முழுமையாகக் கிறித்தவர் ஆகவில்லை என வருந்தினர். இவ்விரு ஐயங்களுக்கும் இடையில் தாம் யார் என்பதை அவர் வரையறுத்துக்கொண்ட முறையைப் பெரிதும் அவருடைய சொற்றேர்வுகளிலேயே காணலாம்.

இரமாபாயின் தந்தை அனந்த சாத்திரி, பெண்களுக்கு வடமொழி கற்பிக்கலாகாது என்னும் வழக்கை மீறித் தம் மனைவிக்கும் மக்களுக்கும் அதனைக் கற்பித்தவர். திருத்தலங்கள்தோறும் புராணம் படித்து வாழ்ந்த அக்குடும்பத்தில் தந்தையும் தாயும் 1874ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மாண்டனர். தமையனோடு நாடெங்கும் அலைந்து 1878இல் கல்கத்தாவை அடைந்தபோது, அங்கிருந்த அறிஞர்கள் அவர் புலமையைச் சோதித்துப் ‘பண்டிதை’, ‘சரசுவதி’ என்னும் பட்டங்களை வழங்கினர்.

அந்நகரிலேயே விவிலியம் முதன்முதலாக அவர் கைக்கு வந்தது. அது வடமொழி விவிலியம். வடமொழியில் துறைபோகிய அவருக்கு அது விளங்கவில்லை. அதன் மொழிநடை தாம் கற்ற வடமொழி இலக்கியத்தினின்று முற்றிலும் வேறாக இருந்ததென்றும், அதனைப் படிப்பது வீண் எனக் கருதியதாகவும் 1907இல் எழுதிய தன்வரலாற்றுச் சான்றில் அவர் குறிப்பிடுகிறார். கிறித்தவர்கள் நாற்காலிகளின் முன் மண்டியிட்டதைக் கண்டு, அவர்கள் நாற்காலியை வழிபடுகின்றனர் என அவர் எண்ணியதும் அச்சான்றிலேயே உள்ளது. சொல் தெரிந்திருந்தும் அச்சொல் வழங்கும் வாழ்க்கை தெரியாதவிடத்துப் பொருள் எட்டுவதில்லை என்பதற்கு இவ்விரண்டும் ஒரே வகைச் சான்றுகள் எனலாம். பின்னர், மணமாகிக் கணவருடன் சில்சாரில் வாழ்ந்த காலத்தில், வீட்டு நூல்களிடையே கிடைத்த ஒரு சிறு நூல் அவர் உள்ளத்தைத் தொட்டது. அது வங்கமொழியில் அமைந்த லூக்காவின் நற்செய்தி. தெய்வமொழி எனப் போற்றப்பட்டதில் மூடியிருந்த நூல் வழக்குமொழியில் திறந்தது.

கணவர் 1882இல் இறந்தார். 1883இல் இங்கிலாந்து சென்ற இரமாபாய் அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் வாண்டேச்சு ஊரில் மகள் மனோரமாவுடன் திருமுழுக்குப் பெற்றார். ‘மேரி ராமா’ என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். அப்பெயர் வழக்கில் நிலைக்கவில்லை. 1887இல் அமெரிக்காவில் வெளியான, உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலை பற்றிய அவருடைய ஆங்கில நூலின் முகப்பில் ‘பண்டிதை இரமாபாய் சரசுவதி’ என்றே உள்ளது.

திரித்துவம், திருச்சபையின் அதிகாரம் ஆகியவை குறித்துக் கன்னியர் செரால்டினுடன் அவர் நடத்திய கடித வாதம் நீண்டது. அக்கடிதங்கள் 1977இல் பம்பாயில் நூலாக வெளிவந்தன. அவற்றுள் மொழியியலார் விரும்பிக் கற்கத்தக்கது சிலுவையில் பொறிக்கும் இலத்தீன் சொற்களைப் பற்றிய பகுதியாகும். தம் பழைய வடமொழியில் இல்லாத எச்சிறப்பு இலத்தீனில் உள்ளது என இரமாபாய் வினவுகிறார். கிறித்துவை ஏற்றல் வேறு, ஆங்கிலத் திருச்சபையின் பழக்கங்களை ஏற்றல் வேறு என்னும் பாகுபாடு இவ்வினாவில் தெளிவாகிறது. புலால் உண்ணாமையையும் அவர் கைவிடவில்லை. எனினும் திருமுழுக்கு மட்டும் அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஏறத்தாழ எட்டாண்டுகள் கழித்து, 1891ஐ ஒட்டியே, மதத்தை ஏற்றதற்கும் கிறித்துவை அடைந்ததற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உணர்ந்ததாக அவரே கூறுகிறார்.

இதற்கிடையில் 1890இல் சாரதா சதனம் பூனாவுக்கு மாறியது. 1893இல் மதமாற்றக் குற்றச்சாட்டு எழ, ஆலோசனைக் குழுவினர் விலகினர். மாணவியர் பலரைப் பெற்றோர் அழைத்துச் சென்றனர்.

இலத்தீனுக்கு எதிராக வடமொழியை முன்னிறுத்திய அவரே, கேட்காமில் நிறுவிய முக்தி இல்லத்தில் விவிலியத்தை மராத்தியில் பெயர்க்கும்போது வடசொற்களை விலக்க முயன்றார். வழக்கிலிருந்த மராத்தி விவிலியத்தின் வடமொழிச் செறிவு எளிய பெண்களுக்கு விளங்காது என்பது ஒரு காரணம். அச்சொற்கள் பழைய சமயப் பொருள்களைத் தம்முடன் கொணரும் என்பது மற்றொன்று. இதனை மனமாற்றம் என்பதினும், கேட்போர் மாறியதன் விளைவு என்பதே பொருந்தும். ஆங்கிலேயரை நோக்கிப் பேசியபோது வடமொழி அவருடைய தன்மதிப்பின் மொழி. பஞ்சத்தில் மீட்கப்பட்ட பெண்களை நோக்கிப் பேசியபோது அது அவர்களை விலக்கிவைத்த மொழி.

தமிழிலும் இச்சிக்கல் இருந்தது. பப்ரிசியசு ஆண்ட ‘பராபரன்’ என்னும் சொல்லை விடுத்து, 1871இல் வெளிவந்த திருத்தப் பதிப்பு ‘தேவன்’ என்பதைக் கொண்டது. 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருட்டிணபிள்ளையோ எளிமையை நாடாது, பனியனின் கதையை ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) எனக் காப்பியமாக்கினார். கற்றோர் அவையில் கிறித்தவத்திற்கு இடம் தேடியவர் அவர். அவருடைய பெயரிலும் ஆங்கில முன்னெழுத்துகளோடு திருமாலின் பெயரும் குலப்பெயரும் ஒருங்கே நின்றன.

இரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, மூலத்தை ஒட்டியே பெயர்த்தார். அப்பெயர்ப்பு திருச்சபைகளில் பரவலாக வழங்கவில்லை. 1922 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் மறைந்தார். முக்தி இல்லத்து அச்சகத்தில், அங்கு எழுத்தறிவு பெற்ற பெண்களே பணிபுரிய, முழு விவிலியமும் 1924இல் வெளிவந்தது.